ஒரே அளவு

வசுமதிக்கும் ஓரகத்தி ஜெயக்கொடிக்கும் அளவு ஜாக்கெட் ஒன்றுதான். பதினாறு வருடமாக அதைக் கொடுத்தே இருவரும் தைத்துக்கொள்கிறார்கள். எடையும் ஒன்றுதான், தொண்ணூற்றிரண்டு கிலோ. ரத்தப் பரிசோதனைக்கும் சேர்ந்தே போனார்கள்.

"உங்க கொழுப்புக்குள்ள அழற்சி இருக்கும்மா. சர்க்கரை, பிரஷரெல்லாம் அதோட சேர்ந்தே வந்திருக்கு" என்றார் டாக்டர் வசுமதியிடம். ஜெயக்கொடியின் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"அதெப்படி டாக்டர்? என்னைவிட இவதான ரெண்டு தோசை கூடத் தின்னுவா!" என்றாள் வசுமதி.

"சில உடம்பு அப்படி."

வீட்டுக்கு வந்ததும் வசுமதி தனக்கு எண்ணெயில்லாமல் ஒரு தோசை வார்த்துக்கொண்டாள். ஜெயக்கொடிக்கு மூன்றாவதை முறுகலாக எடுத்துப்போட்டு, உருக்கிய நெய்யை ஊற்றினாள்.

"போதும்க்கா."

"சாப்பிடுடி. உனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள்.