செவ்வரத்தம்பூவும் பாதி பிளேட்டும்

இந்தப் பிள்ளையின் பையிலும் பாதிச் சவர பிளேட் இருந்ததைக் கண்டதும் கிளறன்ஸ் அதையும் எடுத்து மேசையில் வைத்தார்.

முன்னால் வந்த பிள்ளைகளிடமும் இதேதான். கடதாசியில் பத்திரமாகச் சுற்றிய பாதி பிளேட். சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே ஒரு செவ்வரத்தம்பூ. பூவும் பிளேட்டும் ஒன்றாக எதற்கு என்று எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

கொட்டாஞ்சேனைப் பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் அன்று அவருடைய முறை. பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு என்று நகரம் பயந்து கிடந்த காலம். பிள்ளைகளின் பைகளைப் பெற்றோரே மாறி மாறி நின்று பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. மகள் இங்கே ஆறாம் வகுப்பில் படிப்பதால், துறைமுகக் கந்தோரில் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

தெரிந்தவர், தெரியாதவர் என்று முகம் பார்க்கக் கூடாது, கூரான சாமான் எதுவும் பிள்ளைகளின் கையில் உள்ளே போகக் கூடாது என்று அதிபர் சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளறன்சுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான்.

கூட நின்ற இன்னொரு தகப்பன், கடைக்காரர் பௌஸி, மேசையில் குவிந்த பிளேட்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கிளறன்ஸ், புள்ளைகள் எல்லாம் சேந்து சலூன் தொறக்கப் போறாங்களோ?"

கிளறன்சுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனையையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் டோரின் டீச்சர் படியிறங்கி வந்தார். வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த வேகத்தில் படிகள் தப்பியதே பெரிய காரியம்.

டீச்சரின் மூக்கு நுனி சிவந்திருந்தது. அது சிவந்தால் எதிரே நிற்காமலிருப்பதே உடம்புக்கு நல்லது என்று கிளறன்சுக்குத் தெரியும். ஆனால் வாசலை விட்டு எங்கே ஓடுவது?

விஷயம் இதுதான். ஒன்பதாம் வகுப்புக்கு அன்று பூவின் பகுதிகளும் மகரந்தச் சேர்க்கையும். பூவை நெடுக்காக வெட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். வெட்டத்தான் பிளேட்.

போதாக்குறைக்கு, பாடத்தைப் பார்க்கக் கல்விக் கந்தோர் ஆலோசகர் நமசிவாயம் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டார். வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியையாகவே காலத்தைக் கழித்த டோரின் டீச்சருக்கு நியமனம் நிரந்தரமாவதும் ஆகாததும் இனி அவர் எழுதப்போகும் நாலு வரியில் இருந்தது.

"சிஸ்டரின்ட ஓடர், டீச்சர். பிள்ளைகளின்ட கையில குடுக்கேலாது."

"அப்ப நீங்களே வந்து வெட்டுங்கோ."

பௌஸி வேறு பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். கிளறன்ஸ் டின்னையும் தூக்கிக்கொண்டு டீச்சரின் பின்னால் போனார்.

முதல் பூ நசுங்கிச் சம்பலாகிவிட்டது.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசி வாங்கில் பேனை ஓடியது. இந்த நியமனம் போனால் பழி தன் தலையில்தான் என்று நினைத்தபடியே கிளறன்ஸ் அடுத்த பூவை எடுத்தார்.

மேசை மேசையாகப் போய் வெட்டினார். மெல்ல மெல்லக் கை படிந்தது. ஒரு பூ நடுவாலே சரியாகப் பிளந்தது. கேசரக் குழாய்க்குள்ளே தம்பம் நூல் போல நேராக இறங்கி, அடியில் சூலகத்தில் முடிந்தது. அதற்குள்ளே பொடிப்பொடியாக வெள்ளைச் சூல்வித்துகள்.

"அட!" என்றார் கிளறன்ஸ், வாய்விட்டே.

வீட்டு மதிலில் தினமும் பூத்து விழும் பூ. அதற்குள்ளே இவ்வளவு ஒழுங்காக ஒரு குடித்தனம் நடக்கிறது என்று இன்றைக்குத்தான் கண்டார். பயம் போன இடம் தெரியவில்லை. அடுத்த பூவுக்குப் பிள்ளைகளை விட அவரே அவசரப்பட்டார்.

அப்போதுதான் முன்வரிசையில் ஷபீகா கையில் உருப்பெருக்குக் கண்ணாடியோடு எழுந்து நின்றாள்.

"டீச்சர், என்ட பூவில மகரந்தக்கூடு ஒண்டும் இன்னும் வெடிக்கவே இல்ல. ஆனா தம்பத்து நுனியில இருக்கிற குறியில மஞ்சள் மஞ்சளா ஒட்டியிருக்கு. எப்பிடி?"

கடைசி வாங்கில் பேனை நின்றது.

டோரின் டீச்சர் பூவைப் பார்த்தார். பிறகு கிளறன்சைப் பார்த்தார். மூக்கின் சிவப்பு அப்படியே கன்னத்துக்கு இறங்கி, முகம் முழுக்கச் சிரிப்பாகியது. எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையை உயரத் தூக்கிக் காட்டினார். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் மஞ்சள் அப்பியிருந்தது.

"பிள்ளைகள், வண்டைப் பாருங்கோ!"

வகுப்பு சிரிப்பில் வெடித்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யாருடைய பூவிலிருந்து யாருடைய பூவுக்கு வண்டு எதைக் கொண்டு போனது என்று பிள்ளைகள் கண்ணாடிகளைப் பறித்துப் பறித்துத் தேடினார்கள். அயன் மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன என்று அன்றைக்கு யாருக்கும் பாடமாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கிளறன்சும் கையை இறக்காமல், பெருமையாக, வண்டாகவே நின்றார்.

பாடம் முடிய நமசிவாயம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சிரித்த கண்ணீர்தான்.

"நிரந்தரமாக்கச் சொல்லித்தான் எழுதுறன், டீச்சர்," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஆனா பாவம், டியூட்டிக்கு வந்த ஒரு பெற்றோரைக் கையைப் பிடிச்சு இழுத்து இப்படி வேலை வாங்கியிருக்க வேண்டாம்."

டோரின் டீச்சர் கிளறன்சைத் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரி சோறு போடேக்கயே சொன்னனான், சேர், பிள்ளைகள் பிளேட் கொண்டு வருவினம் எண்டு. கிரிக்கெட்டைப் பாத்துக்கொண்டு 'ம்' எண்டவர்."