லாப்சிக்குப் பதிலாக

"இதுவும் உட்கார்ந்துடுச்சும்மா," என்றாள் தாரா.

அம்மா கஞ்சன் குனிந்து பார்த்தாள். ஓவனிலிருந்து எடுத்த கேக் நடுவில் குழிந்து கிடந்தது. ஓரத்தை விரலால் தொட்டாள். மணலாக உதிர்ந்தது.

மறுநாள் தாராவுக்கு நிச்சயதார்த்தம்.

ஜோத்பூரில் நிச்சயம் என்றால் லாப்சி இல்லாமல் முடியாது. உடைத்த கோதுமையை நெய்யில் வறுத்து, வெல்லம் போட்டுக் கிளறி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஊட்ட வேண்டும். தாராவின் குடலுக்கோ கோதுமை ஆகாது. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் யாரோ வற்புறுத்தி ஒரு வாய் ஊட்டியதற்கு, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

இதற்கு முன் வந்த வரன்களிடம் உண்மையைச் சொன்னார்கள். ரொட்டி தொடாத மருமகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எழுந்து போய்விட்டார்கள். இந்த முறை, கல்யாணம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கணவர் பன்வர்லால் முடிவு செய்தார். கஞ்சன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பீகானேரிலிருந்து சம்பந்தியம்மா சுகனா தானாகவே போன் செய்து, லாப்சியெல்லாம் பழைய வழக்கம், இப்போது எல்லோரும் கேக்தான் வெட்டுகிறார்கள் என்றபோது, கஞ்சன் பூஜையறைக்குப் போய் விளக்கேற்றினாள். கோதுமை இல்லாமல் லாப்சி கிடையாது. கேக்கை எப்படியாவது செய்துவிடலாம்.

செய்ய முடியவில்லை. அரிசி மாவில் செங்கல்லாக வந்தது. கம்பு மாவில் கசந்தது. விரதத்துக்கு வாங்கும் சிங்காரா என்கிற நீர்க்காய் மாவில் பொங்கி எழுந்து, கண்ணெதிரே அமுங்கியது. முட்டை சேர்த்தால் கொஞ்சம் பிடித்து நிற்குமாம். அந்த வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை.

பன்வர்லால் கொத்தவரை விதையிலிருந்து பசைத்தூள் எடுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறார். அங்கிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். குறைத்துப் போட்டால் கேக் உதிர்ந்தது. கூட்டிப் போட்டால் ரப்பராக இழுத்தது.

"எங்க பசையை வாங்கி வெள்ளைக்காரன் என்னென்னமோ செய்யறான். உன்னால ஒரு கேக்கை ஒட்ட வைக்க முடியல," என்றார் வாசலில் நின்றபடி.

"அவன் பொண்ணுக்கு இருக்கிற நோயை மறைக்கறதுக்காகச் செய்யல."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை.

தாரா பாத்திரத்தைக் கழுவியபடியே சொன்னாள். "அம்மா, விட்டுடு. லாப்சியோ கடை கேக்கோ, ஒரு வாய்தானே. அவங்க போற வரைக்கும் தாங்கிக்குவேன்."

"அதுக்கப்புறம்? அந்த வீட்ல தினமும் தாங்கிக்குவியா?"

தாரா குழாயைத் திருகி மூடினாள்.

பிறகு கஞ்சன் மறுபடி மாவு சலித்தாள். அரிசியும் சிங்காராவும் பாதிப் பாதி. மாவைப் பிடித்து நிறுத்த இசப்கோல் உமியைத் தயிரில் ஊறவைத்தாள். பசைத்தூளைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்தாள். இந்த முறை கேக் நின்றது. மேலே நீளமாக ஒரு வெடிப்பு. பச்சைக் கொத்தவரை வாடை லேசாக அடித்தது. வெடிப்பைக் கிரீமாலும் வாடையை ஏலக்காயாலும் மூடினாள். சந்தோஷம் வரவில்லை. பொய்யின் ருசி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை லலித் வழக்கம்போலத் தட்டிலிருந்த மைதா கசோரியைத் தொடவில்லை. பெண் பார்க்க வந்த அன்றும் தொடவில்லை. நம் வீட்டுப் பண்டம் அவர்களுக்கு இளப்பம் என்று கஞ்சன் அன்றே மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

கேக்கை எடுத்துவர அவள் எழுந்தபோது, சுகனா ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"கேக் நாங்க கொண்டு வந்திருக்கோம். இதையே வெட்டட்டும்."

வீட்டிலேயே ஒன்று தயாராக இருக்கிறது என்று கஞ்சன் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கட்டும். இவன் வெட்டறது இதுதான்," என்றாள் சுகனா. குரலில் கொஞ்சமும் இளக்கமில்லை.

கஞ்சன் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறுத்துப் பேச அவருக்கு வாய் வராது.

லலித் கேக்கில் கத்தியை வைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் ஒரு துண்டை எடுத்துத் தாராவின் வாயருகே கொண்டுபோனான். தாரா கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். தண்டனைக்குத் தலை குனிந்தவள் மாதிரி இருந்தது அந்த முகம்.

கஞ்சன் பாய்ந்து போய் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம் மாப்பிள்ளை. அவளுக்குக் கோதுமை ஆகாது. நாங்க மறைச்சுட்டோம். அவளுக்குன்னு கோதுமை இல்லாம ஒண்ணு செஞ்சு உள்ளே வச்சிருக்கேன்."

கைதட்டல் நின்றது. லலித்தின் விரல்களுக்கிடையிலிருந்து துண்டு நொறுங்கி விரிப்பில் விழுந்தது. வெளியே ஒரு வண்டி வந்து, நின்று, போனது. இதுவும் முடிந்தது என்று கஞ்சன் நினைத்தாள். பிடித்த கையை விடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

சுகனா எழுந்து வந்தாள். விரிப்பில் மணலாகச் சிதறிக் கிடந்த கேக்கை உள்ளங்கையில் மெதுவாக அள்ளினாள். கஞ்சனின் காதோரம் குனிந்தபோது அவள் குரல் உடைந்திருந்தது.

"கொத்தவரைப் பசை எவ்வளவு போடுவீங்க சம்பந்தியம்மா? சின்னப் பிள்ளையிலேர்ந்து இவனுக்குச் செஞ்சு பார்க்கறேன், ஒரு தடவைகூட நிக்க மாட்டேங்குது."