நாற்பது பேர் வருகிறார்கள்

"அண்ணே, வியாழக்கிழமை நாப்பது புது ஆளுங்க ஈப்போவுல ரயில்ல வந்து இறங்குறாங்க. துரை இன்னும் ஒண்ணுமே யோசிக்கல," என்றார் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஸ்டானிஸ்லாஸ்.

சவரிமுத்து பெருமூச்சு விட்டார். இதுவரை ஏழு துரைமாரைப் பார்த்து அலுத்தவர்.

"ஆத்தோர லயத்து வீடுங்க வேணாம், போன மழைக்கே முழுகிருச்சு. மேட்டு லயத்துக்குக் கூரையை மாத்துங்க. கப்பல்ல வந்த களைப்பு தீர்ற வரைக்கும் புல்லு வெட்டட்டும். அப்புறம் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் பழக்கலாம்."

கிராணி அப்படியே எழுதிக்கொண்டு போனார். துரை கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் பங்களாவில் மணி அடித்தது. சமையல்காரர் சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு துரை முன்னால் போய் நின்றார்.

"காலையிலேருந்து திட்டம் போட்டுத் தலைவலி. சூப்பு கொண்டா."

"என்ன சூப்பு வைக்கட்டும், தொரை?"

"அதையும் நானேதான் யோசிக்கணுமா?"