ஆளுக்கொரு சிட்டிகை

ஒரு வீட்டில் புதிதாகக் கண்ணாடித் தொட்டி வைத்தார்கள். கூழாங்கற்களைக் கழுவிப் பரப்பி, பில்டரை ஒரு மாதம் ஓடவிட்ட பிறகே குங்குமி என்ற தங்கமீனை உள்ளே விட்டார்கள். நீர்ச்செடியோடு ஒட்டிக்கொண்டு முன்பே வந்திருந்த நத்தையக்கா அவளுக்குத் துணை.

முதல் நாளே குங்குமி ஒன்றைக் கண்டுபிடித்தாள். யாராவது பக்கத்தில் வந்தால் வாலை ஆட்டிக் குட்டிக்கரணம் போட்டால் போதும், தீனி விழும்! அப்பா போட்டார். அது தெரியாமல் அம்மா போட்டார். மகளும் போட்டாள். கேபிள் சரிசெய்ய வந்தவர்கூட ஒரு சிட்டிகை போட்டார்.

"அடியே, போதும்டி!" என்றாள் நத்தையக்கா.

"நான் கேக்கவே இல்லக்கா! அவங்களுக்குத்தான் என்மேல அவ்வளவு பாசம்!" என்று இன்னொரு கரணம் போட்டாள் குங்குமி.

நான்காம் நாள், மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது. குங்குமி மேலே வந்து மூச்சுக்குத் தவித்தாள்.

"அக்கா, என்னமோ பண்ணுது!"

நத்தையக்கா கண்ணாடியில் அவசர அவசரமாக ஊர்ந்து தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றாள்.

"அம்மா, நத்தை வெளிய வருது!" என்று மகள் கத்தினாள். வீடே ஓடிவந்தது. அழுக்கை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றினார்கள். இனி அம்மா மட்டுமே தீனி போடுவது என்று முடிவானது.

இரண்டு நாளில் குங்குமி தேறினாள். அன்று பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்ததும் விருட்டென்று கல்லுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"பயமா இருக்காடி?"

"பயமெல்லாம் இல்லக்கா. ஆளைப் பார்த்தா இந்த வால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது!"