நீலமா, சிவப்பா?

மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா மூன்றாவது தடவையாகக் கதவைத் தட்டிவிட்டாள்.

முதல் தடவை கத்தரிக்கோல் கேட்டு வந்தாள். இரண்டாவது தடவை, "பசை கட்டி தட்டுதும்மா, நீ எப்படிக் காய்ச்சினே?" என்று வந்தாள். இப்போது நேராகவே கேட்டுவிட்டாள்.

"உங்க விளக்குக்கு என்ன கலர் தாள்மா?"

பட்டாணியின் அம்மா கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்த இடுக்கையும் தன் உடம்பால் அடைத்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால், கூடத்து நடுவில், பாதி ஒட்டின சிவப்பு நட்சத்திரம் ஐந்து முனையும் விறைத்துக்கொண்டு கிடந்தது.

"நீலம்க்கா."

"உருண்டையா, நட்சத்திரமா?"

"உருண்டை."

"அப்படியா?" அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரி, சரி. நீ வேலையைப் பாரு."

கதவு சாத்தினதும் பட்டாணி விரலில் பசையோடு கேட்டாள். "ஏம்மா பொய் சொன்னே?"

"பொய் இல்லடி. முன்ஜாக்கிரதை."

பின்னே? குடியிருப்பின் ஆண்டு விழா இன்று. வீட்டுக்கு ஒரு காகித விளக்கு, சொந்தமாகச் செய்து வாசலில் மாட்ட வேண்டும். ஜெயிக்கிற விளக்கு ஒரு வருஷம் முழுக்கக் கீழே பெரிய வாசலில் தொங்கும். அதற்குக் கீழே, செய்தவர் பேர் எழுதின பலகை. கடையில் வாங்கினது செல்லாது. ஒரே மாதிரி ரெண்டு இருந்தால் ரெண்டுமே கிடையாது என்று செயலாளர் அடிக்கோடு போட்டு ஒட்டியிருந்தார்.

பட்டாணிக்கு எட்டு வயசு. குடி வந்து மூணு மாசம் ஆகிறது. கீழே விளையாடப் போனால் இன்னும் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. "வாசல்ல என் பேர் இருந்தா எல்லாருக்கும் என்னைத் தெரியும்லம்மா?" என்று அவள் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பலகையில் பெண்ணின் பேரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இதில் போய் எதிர்வீட்டுக்காரி காப்பியடித்தால்? ஏற்கெனவே ஒரு தடவை பட்டாயிற்று. இவள் நாலு கடை ஏறி இறங்கி வாங்கின பச்சைத் திரைச்சீலை, மறு வாரமே அக்கா வீட்டு ஜன்னலிலும் ஆடியது. "உன் செலக்‌ஷன் அவ்வளவு நல்லா இருந்துச்சும்மா" என்று சிரிப்பு வேறு. சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா?

"கை ஓடட்டும்," என்றாள் அம்மா.

கை ஓடியது. மொத்தக் குடியிருப்பும் படையெடுத்ததில் முக்குக் கடையில் மிச்சம் இருந்தது நீலமும் சிவப்பும்தான். அதில் சிவப்பு பட்டாணியின் தேர்வு. ஒரு முனை கிழிந்தது, மறுபடி ஒட்டினார்கள். பசை தலைமுடிவரை ஏறியது. அப்பா குச்சிகளை நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே பல்பைத் தொங்கவிட்டு, "வெடிச்சா நான் பொறுப்பில்லை" என்று சொல்லி ஸ்விட்சைப் போட்டார்.

கூடமே சிவந்து போனது. பட்டாணி குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை கூரையைத் தட்டினார்.

"நாமதான்மா ஜெயிப்போம்."

"கண்ணு வைக்காதே, சும்மா இரு," என்றாளே தவிர, அம்மாவும் இன்னொரு தடவை ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் எதிர்வீட்டிலிருந்து சர் சர்ரென்று தாள் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"கேட்டீங்களா?" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். "நீல உருண்டை தயாராகுது. நல்லா ஒட்டட்டும்."

சாயங்காலம் நடுவர்கள் கீழ்த்தளத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர்கள் நட்சத்திரத்தை மாட்டிவிட்டார்கள். அப்பா ஸ்விட்சைப் போடவும், எதிர்க்கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

நர்ஸ் அக்கா முக்காலியோடு வந்தாள். இன்னொரு கையில் விளக்கு. சிவப்பு. நட்சத்திரம்.

பட்டாணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அம்மாவுக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டது.

"ஏன்க்கா, திரைச்சீலையிலதான் காப்பின்னா, பச்சைக் குழந்தை விஷயத்துலயுமா? கதவிடுக்குல எட்டிப் பார்த்தீங்களா? ரெண்டும் ஒண்ணா இருந்தா ரெண்டுமே போயிடும்னு படிச்சீங்கள்ல?"

அக்கா இவர்கள் வாசலை அண்ணாந்து பார்த்தாள். தன் கையைக் குனிந்து பார்த்தாள். படியில் செயலாளரின் குரல் ஏறி வந்துகொண்டிருந்தது.

சண்டைக்கு வருவாள் என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். அக்காவோ தன் விளக்கை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். முக்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பட்டாணியின் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழாதடா. அக்கா போட்டியிலேயே இல்லை, போதுமா?"

பிறகு அம்மாவிடம், தப்பு செய்தவள் மாதிரி தணிந்த குரலில் சொன்னாள்.

"படிச்சேன்மா, அதான் உன்கிட்ட வந்து கேட்டேன். கேக்க வந்தப்பவே நான் நீல உருண்டையை ஒட்டி முடிச்சிருந்தேன். நீங்களும் அதான்னதும், குழந்தையோடது வீணாப் போயிடக் கூடாதேன்னு கிழிச்சுப் போட்டுட்டு, இருக்கிற சிவப்பை வாங்கி நட்சத்திரம் கட்டினேன். என் காதைத்தான் சொல்லணும், நீ சிவப்புன்னு சொன்னது எனக்கு நீலம்னு விழுந்திருக்கு பாரேன்."