பத்து பார் நீராவி

சிதம்பரத்தில் தங்கள் வீட்டுக் கூடத்தில், நீராவியின் அழுத்தம், வெப்ப அளவுகள் அச்சிட்ட ஸ்டீம் டேபிள் புத்தகத்தை விரித்துவைத்து, கணவர் வைத்திலிங்கத்தை மிரட்டிக்கொண்டிருந்தாள் கலைமணி.

"பத்து பார் அழுத்தத்துல நீராவியோட டெம்பரேச்சர் எவ்ளோ?"

அவர் இடது கை விரலைச் சரியான வரியில் வைத்தார்.

"விரல எடுங்க. வாயத் தொறந்து சொன்னாத்தான் ஒத்துக்குவேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோச்சிக்கிட்டா விட்ருவனா? பத்து பார்ல எவ்ளோ?"

அவருக்கு வியர்த்தது. உதடுகள் துடித்தன.

"நூ... நூத்தி எண்பது!"

கலைமணி ஓடிப்போய்க் கடலூரில் இருக்கும் மகளுக்கு போன் செய்தாள்.

"கயலு, அப்பா பேசிட்டாருடி!"

பக்கவாதத்தில் பேச்சை இழந்த அந்தப் பொறியியல் பேராசிரியர், அதன்பிறகு பேசிய முதல் வார்த்தை அது. பேசிப் பழக டாக்டர் எழுதிக் கொடுத்த 'அம்மா', 'பூ', 'பழம்' எதுவும் அவர் வாயில் வரவில்லை. அதனால்தான் அவர் காலமெல்லாம் பாடம் நடத்திய புத்தகத்தை, ஒன்றும் புரியாவிட்டாலும், கலைமணி கையில் எடுத்தாள்.

மகள் விசும்பினாள். "எம் பேரச் சொன்னாராம்மா?"

"உம் பேரும் சொல்லல, எம் பேரும் சொல்லல. நீராவி எவ்ளோ சூடுன்னு சொன்னாருடி! இப்போதைக்கு நமக்கு அது போதும்டி."