மீன் குழம்பு குடித்த டிரம்

அடுத்த வாரம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. எங்கள் வலையோ இன்னும் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பதநீர் காய்ச்சும் அடுப்புக்கும் டிரம்முக்குமாக நடந்து என் கால் ஓய்ந்தது. உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குப் பதநீர் மட்டும்தான் கொடுக்க வேண்டும். வேறு சத்துக் கிடைக்காமல் வாடினால்தான் அது உடம்பில் பிளாஸ்டிக் சேர்க்கும். அதை உருக்கித்தான் எங்கள் ஊரில் வலை நூல் இழுக்கிறோம்.

மகன் அந்திரேஸ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"அம்மா, மீன் கொழம்பு வாடை அடிக்கி. அதுக பெருகியிருக்கே தவிர, பிளாஸ்டிக் ஒரு பொட்டு இல்ல."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அதுகளைப் பட்டினி போட்டிருக்கேன்னு நீ சொன்னியே. மனசு கேக்கல. மிச்சக் கொழம்பை ஊத்திட்டேன்."

"கண்ணுக்கே தெரியாததுக்கு இரக்கமாக்கும். இப்ப உங்க மவன்லா பட்டினி."

தடை முடிந்த காலையில் எல்லாப் படகுகளும் கடலுக்குப் போயின. அந்திரேஸ் வலையில்லாமல் கரையில் நின்றான். நான் புது டிரம்முக்குப் பூட்டுப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மதியம் அவருக்குச் சோறு வைத்தேன். டிரம்மைப் பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார்.

"அதுக பட்டினி முடியட்டும். பொறவு திங்கேன்."